தேய்ந்த அச்சும் தேயாத கப்பும்

மிதிக்கும்போது கிராங்க் பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால், பாட்டம் பிராக்கெட்டில் (பிபி) உள்ள அச்சு, கப்பு, குண்டு அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, சீல் செய்த கார்ட்ரிட்ஜ் ஒன்றை முறுக்கிவிடுவது பழைய சைக்கிள் ஆர்வலர்களிடம் இன்று சாதாரணமாகிவிட்டது. ஒரே உருளையாக வரும். பேரிங் உள்ளேயே இருக்கும். பூட்டினால் வேலை முடிந்தது. இந்த வழக்கத்தை முழுக்க நிராகரிக்க எனக்கு மனமில்லை. ஆனால் 1950களின் ராலே போன்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இதையே முதல் வைத்தியமாகச் செய்வது தவறு. அங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு பாகம்தான், எறியப்படுவதோ எல்லாமும்.

பழைய அமைப்பில் பிபி கூட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கப்புகள், நடுவே அச்சு. கப்புக்கும் அச்சுக்கும் இடையில் கால் அங்குல பால்ரஸ் குண்டுகள், பக்கத்துக்கு 11. கப்பின் ஓடுபாதை குழிவானது, குண்டைத் தழுவி நிற்கும். அச்சின் ஓடுபாதை வெளிப்புறமாக வளைந்தது, சுற்றளவிலும் சிறியது. அதனால் குண்டு அதைத் தொடும் இடம் குறுகி, அழுத்தம் கூடுகிறது. அச்சை வெளியே எடுத்து, கிரீஸைத் துடைத்து, வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறக் கோட்டின் நடுவே ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் தெரியும். அதே வண்டியின் கப்பில் பாதை பளபளவென்று இருக்கும். நகத்தை ஓட்டினால் தடுக்கும் பாகம் போய்விட்டது, வழுக்கும் பாகம் இன்னும் உழைக்கும். குண்டுகளை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும், அதுவும் மொத்தமாக. பழையதும் புதியதும் கலந்தால் சற்றே பெரிய குண்டுகள் மட்டும் பாரத்தைச் சுமக்கும்.

கார்ட்ரிட்ஜின் பலம் உண்மையானது. சீட்டுக்குழல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கடைசியில் வந்து தேங்குவது பிபி கூட்டில்தான். பழைய ராலேயில் எண்ணெய் விட அங்கே ஒரு சிறு மூடி உண்டு. தவறாமல் எண்ணெய் விடுகிறவர் கையில் அது நன்றாகவே வேலை செய்தது. மறந்தவர் கையில் உள்ளே துருதான். கார்ட்ரிட்ஜுக்கு அந்தக் கவனிப்பும் வேண்டாம், பக்குவமும் வேண்டாம். கப்பில் இறுக்கம் பிடிப்பது கைப்பழக்கத்தில் வருவது. இடது கப்பை ஆட்டம் போகும்வரை இறுக்கி, அங்கேயே பிடித்துக்கொண்டு லாக் ரிங்கைப் பூட்ட வேண்டும். பூட்டும்போதே கப்பு கொஞ்சம் நகர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அவசரத்தில் கூடுதலாக இறுக்கிவிட்டால் புதுக் குண்டும் சீக்கிரமே அரைபடும். தினமும் வேலைக்குப் போகிற, மழையில் நனைகிற, பிஎஸ்ஏ மரை கொண்ட வண்டியாக இருந்து, அதில் முன்பே சதுர முனை அச்சும் இருந்தால், நானே கார்ட்ரிட்ஜைத்தான் சொல்வேன்.

சிக்கல் மரையில் இருக்கிறது. எங்கும் பரவிய பிஎஸ்ஏ அளவில் அங்குலத்துக்கு 24 மரை, கூட்டின் அகலம் 68 மி.மீ. நாட்டிங்காம் ராலேயோ தன் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 26 மரை வெட்டியது; அகலமும் 71 அல்லது 76 மி.மீ. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கார்ட்ரிட்ஜின் 24 மரைக் கப்பு முதலில் கொஞ்சம் ஏறிவிடும், பிறகு இறுகும். அங்கே நிறுத்தாமல் நீண்ட ஸ்பேனர் போட்டுத் திருகுகிறவர் பிரேமின் மரையையே சீவிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பரிகாரமாகக் கூட்டை 36 மி.மீ. இத்தாலிய அளவுக்கு விரித்து வெட்டுவதும் உண்டு. வண்டி ஓடும். ஆனால் இத்தாலிய அளவில் இரு பக்கமும் வலது மரை. குண்டுகள் உருண்டு உருண்டு கப்பைத் தானாகக் கழற்றிவிடக் கூடாது என்றுதான் பிரிட்டிஷ் முறையில் செயின் பக்கத்தை இடது மரையாக வைத்தார்கள். அந்தப் பாதுகாப்பும் போய், பழைய கப்பு இனி ஏறவே முடியாத பிரேமாகிவிடுகிறது. மரையில்லாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் கார்ட்ரிட்ஜ்களும் உண்டு. மரை போன கூட்டுக்கு அவை நல்ல வழி. நல்ல மரை உள்ள கூட்டுக்கு எதற்கு?

கார்ட்ரிட்ஜ் அச்சில், காட்டர் பின் என்னும் ஆப்பால் அச்சோடு பூட்டும் பழைய இரும்புக் கிராங்க் ஏறாது. கிராங்க் போனால் செயின் வீலும் போகும். ராலே செயின் வீலில் வெட்டியிருக்கும் நாரைத் தலைகளைப் பார்த்து ரசித்தவருக்கு அது சின்ன இழப்பல்ல.

பாகம் பாகமாக மாற்றுவதிலும் குறை உண்டு. நீளத்தை மட்டும் அளந்து அச்சு வாங்குகிறார்கள். இரு ஓடுபாதைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் கூட்டின் அகலத்தோடு பொருந்த வேண்டும். 68 கூட்டுக்கான அச்சை 76இல் போட்டால் இடது கப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், லாக் ரிங் பிடிக்க மரை மிஞ்சாது. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் முதல் இன்றைய கருப்பு ரோட்ஸ்டர் வரை நம் ஊரில் காட்டர் கிராங்க் மறையவே இல்லை. அதனால் அச்சும் பின்னும் லூதியானா சரக்காகச் சாதாரணக் கடையிலேயே கிடைக்கின்றன. ஆனால் ராலே வைத்திருப்பவர் பழைய அச்சைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

எனக்கு அதிக வருத்தம் தருவது சுத்தியல். காட்டர் பின்னை முட்டுக்கொடுக்காமல் அந்தரத்தில் அடிக்கும்போது அந்த அடி பின்னோடு நிற்பதில்லை. அச்சு வழியாகக் குண்டுக்கும், குண்டு வழியாகக் கப்புக்கும் இறங்கி, ஓடுபாதையில் வரிசையாகப் பள்ளம் போடும். பல வருடம் தேயாமல் இருந்த கப்பு ஒரே மதியத்தில் கெடுவது இப்படித்தான். கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, பின்னின் மறுமுனை குழாய்க்குள் இறங்கும்படி வைத்துவிட்டுக் கனமான சுத்தியலால் அடித்தால் கப்புக்குச் சேதமில்லை. பிரஸ் இருந்தால் அடியே தேவையில்லை. புதுப் பின்னின் சாய்முகத்தையும் அரத்தால் சீராக ராவி, இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்கும்வரை பொருத்திப் பார்க்க வேண்டும். மட்டமான இரும்பில் செய்த பின் சீக்கிரமே நசுங்கி ஆட்டம் கொடுக்கும். அந்த ஆட்டத்தைப் பிபி ஆட்டம் என்று எண்ணி முழு செட்டையும் மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை முன்னும் பின்னும் அசைக்கும்போது ‘டக்’கென்றால் கோளாறு பின்னில். இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால்தான் பிபியைப் பிரிக்க வேண்டும், அப்போதும் இடது பக்கம் மட்டும். வலது கப்பை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, உள்ளே துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.