ஃப்ரிட்ஜுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியக்கூடாது?

போன சித்திரையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ரெண்டு கதவும் பக்கம் பக்கமாக இருக்கிற, இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வைத்த மாடல். ஒரு நல்ல பைக் விலை. ஃப்ரீசர் பக்கம் ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் ராத்திரி வைத்த தயிர் காலையில் புளித்துவிடுகிறது. "என்னங்க, இதுக்கு மண்பானையே தேவலை" என்றார் மனைவி.

முதலில் வந்த மெக்கானிக் உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார்" என்றார். அடுத்து வந்த கம்பெனி ஆள், "போர்டு மாத்தணும் சார், பதினாறாயிரம் ஆகும்" என்றார். ரெண்டு பேரும் பையிலிருந்து மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. லாக் ஃபைலைப் பார்க்காமலே சர்வரை மாற்றச் சொல்வது போல இருந்தது எனக்கு. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

விலை எவ்வளவு ஏறினாலும் இந்த மாதிரி ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளின் அடிப்படை ஒன்றுதான். பல மாடல்களில் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் ஒரே ஒரு கூலிங் காயில். ஒரு ஃபேன் அந்தக் குளிர்காற்றை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்குகிறது. உருகிய நீர் குழாய் வழியாகப் பின்னால் இறங்கிவிடும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி காயிலையே மூடிவிடும், காற்று போக வழி இருக்காது. ஃப்ரீசர் சில்லென்றே இருக்கும், பால் வைக்கிற பக்கம் மட்டும் சூடாகும்.

கேஸ் கசிந்தால் கதை வேறு. ஃப்ரீசரும் சேர்ந்து படுத்துவிடும். கழற்றிப் பார்த்தால் காயிலின் ஒரு மூலையில் மட்டும்தான் பனி இருக்கும்.

ஒரு நாள் முழுக்க பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து, கீழே பழைய துண்டுகளை விரித்து வைத்தேன். திரும்பப் போட்டதும் மறுநாள் காலை 4 டிகிரி. ஒன்பது நாள் கழித்து மறுபடி அதே கோளாறு. போன கேஸ் ஒன்பது நாளைக்கு மட்டும் திரும்பி வருமா என்ன?

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுப் பின்பலகையைக் கழற்றினோம். வெள்ளைச் சுவர் மாதிரி பனி. ஹீட்டரில் பழுதில்லை, தெர்மல் ஃப்யூஸ்தான் போயிருந்தது. அது சும்மா போகிற பொருள் இல்லை என்பதால் சென்சாரையும் சேர்த்தே மாற்றினார். ரெண்டும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள். இன்றுவரை தொந்தரவு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு பட்டன்களைச் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் பிழைக் குறியீடு திரையில் வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. 'டிஃப்ராஸ்ட் பழுது' என்று அது எப்போதோ பதிவு செய்து வைத்திருக்கிறது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஹீட்டரை ஆன் செய்தும் சூடு ஏறவில்லை என்று போர்டுக்கே சென்சார் வழியாகத் தெரியுமே. ஆனால் வாங்கும்போது கொடுத்த கையேட்டில் இது பற்றி ஒரு வரி இல்லை. கதவில் பளபளக்கிற டிஸ்ப்ளேவுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம். அது ஏன் வாயைத் திறக்கவில்லை?

கம்பெனி பக்கத்திலும் நியாயம் உண்டு. இப்போதைய பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் எரியக்கூடியது. இன்வெர்ட்டர் போர்டில் உள்ள கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் ஷாக் அடிக்கும். அங்கெல்லாம் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் பழுதைச் சொல்வது வேறு, பிரித்து மேயச் சொல்வது வேறு. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களில் ஓபிடி-2 கட்டாயம். சின்ன ரீடர் ஒன்று வாங்கினால் யார் வேண்டுமானாலும் கோடைப் படிக்கலாம். அதற்காக எல்லோரும் இன்ஜினைப் பிரித்துவிடவில்லையே!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஃப்ரிட்ஜ்களுக்கு விதி இருக்கிறது. போர்டு, சென்சார் போன்ற பாகங்கள் ஏழு வருடமும், கதவு ரப்பர் பத்து வருடமும் கிடைக்க வேண்டும். பிழைக் குறியீட்டு விவரங்களைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும். வீட்டுக்காரருக்கு அங்கேயும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் தளம் வேறு, கட்டாயம் வேறு.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. கம்ப்ரசர் பக்கத்தில் கண்டென்சர் காயில் வெளியே தெரிகிற மாடலானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது தூசி தட்டுங்கள். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; லேசாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. உள்ளே அடியில் தண்ணீர் தேங்கினால் முதலில் வடிகுழாய் அடைப்பைச் சந்தேகப்படுங்கள்.

யாராவது "கேஸ் போயிடுச்சு" என்றால், "பனி காயில் முழுக்க இருக்கா, மூலையில மட்டும் இருக்கா?" என்று கேளுங்கள். "போர்டு போச்சு" என்றால், "என்ன கோடு காட்டுது?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பர்ஸை எடுக்க வேண்டாம்.