பல் இடைவெளிக்கு ரப்பர் வளையமா?

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மருத்துவரை நாட வேண்டியதில்லை. சிறிய ரப்பர் வளையம் ஒன்றை இரு பற்களையும் சுற்றி மாட்டினால் சில வாரங்களில் அவை சேர்ந்துவிடும் என்று கூறும் காணொளிகள் மாணவர்களின் கைப்பேசிகளில் உலவுகின்றன. இக்கூற்றை அறிவியல் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலில், இதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். பல், சுவரில் அடித்த ஆணி அன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் பருமனில், இரத்த நாளங்கள் நிறைந்த நார்த்திசு உள்ளது. பல்லை ஒரு பக்கம் தொடர்ந்து அழுத்தினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. சுவீடன் நாட்டு சாண்ட்ஸ்டெட் 1904-05இல் நாய்களின் பற்களில் செய்த ஆய்வுகளில் இதை நுண்ணோக்கி வழியே கண்டார். எனவே ரப்பர் வளையம் பல்லை நகர்த்தும் என்பது மெய்யே. எப்படி நகர்த்தும், எங்கே போய் நிற்கும் என்பவையே கேள்விகள்.

'இறுக்கமாகப் போட்டால் விரைவில் சேரும்' என்பது முதல் பிழை. 1932இல் ஷ்வார்ட்ஸ் என்னும் அறிஞர், ஏற்ற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்றார். இந்த எண் எங்கிருந்து வந்தது? நுண் இரத்தக்குழாய்களின் அழுத்தத்தை 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம் என்று கொள்வோம். பாதரசத்தின் அடர்த்தி 13.6. ஆகவே 1.5 × 13.6 = 20.4; 2 × 13.6 = 27.2. கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது! அதற்கு மேல் அழுத்தினால் இரத்த ஓட்டம் நின்று அவ்விடத்துத் திசு மடிகிறது; பல்லின் நகர்வும் தடைப்படுகிறது. அழுத்தம் வேர் முழுவதும் ஒரே சீராக இராது என்பதால் ஷ்வார்ட்ஸ் எண்ணைத் துல்லியமான எல்லையாகக் கொள்ளலாகாது. ஆனால் அவர் காட்டிய திசை சரியானது. மருத்துவரின் கம்பியில்கூடப் பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

இரண்டாவது பிழை, திருப்புத்திறனை மறந்தது. பல்லின் தடைமையம் எலும்புக்குள் புதைந்த வேரின் நடுப்பகுதியில் உள்ளது. வளையமோ வெளியே தெரியும் தலைப்பகுதியை இழுக்கிறது. விசையும் தடைமையமும் ஒரே கோட்டில் இல்லாததால் பல் சாய்கிறது. நுனிகள் கூடும், வேர்கள் விலகி நிற்கும். மருத்துவர் பல்லில் ஒட்டும் பிடிப்பானும் கம்பியும் இச்சாய்வை எதிர்க்கும் திருப்புவிசையைத் தருகின்றன. அவரும் ரப்பரைப் பயன்படுத்துகிறார். ஆனால் அதைக் கொக்கியில் மாட்டி நிறுத்துகிறார்.

மூன்றாவது பிழையே கொடியது. பரவைச் சந்தையில் நுனி கூம்பிய இரு முள்ளங்கிகளை வாங்கி, நனைத்து, சேர்த்துப் பிடித்து, பருத்த பகுதியில் ரப்பர் வளையத்தை இறுக்கமாகப் போட்டுச் சற்றே நுனிப்பக்கம் தள்ளிவிடுங்கள். அது மெலிந்த நுனியை நோக்கி வழுக்கும். இழுபட்ட ரப்பர் சுற்றளவு குறைந்த இடத்தையே நாடும். முன்பல்லும் அப்படியே ஈறு நோக்கி ஒடுங்கி, வேரில் மேலும் கூம்புகிறது. வளையம் ஈறுக்குள் நுழைந்து வேரோடு ஏறும்போது நார்த்திசுவையும் எலும்பையும் அழிக்கிறது. 'வளையம் விழுந்துவிட்டது' என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். எக்ஸ்ரே படத்திலும் ரப்பர் தெரியாது. பற்கள் ஆடத் தொடங்கிய பின்பே உண்மை வெளிப்படும். இவ்வாறு நல்ல முன்பற்கள் இரண்டையும் இழந்த சிறுவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

காணொளி கேட்கத் தவறிய கேள்வி ஒன்றும் உண்டு: இடைவெளி ஏன் வந்தது? ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை முன்பல் இடைவெளி பெரும்பாலும் இயல்பானது. கோரைப்பற்கள் முளைக்கும்போது சிறு இடைவெளி தானே மூடும். தடித்த உதட்டு நாண், எலும்புக்குள் மறைந்த கூடுதல் பல், நாக்கால் பல்லைத் தள்ளும் பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். காரணம் நீங்காவிடில் மூடிய இடைவெளி மீண்டும் திறக்கும். இவற்றைக் கண்டறிய வாயைச் சோதிப்பதோடு எக்ஸ்ரே படமும் தேவைப்படலாம்.

பாதி உண்மையை முழு வைத்தியமாக விற்பதே இக்காணொளிகளின் குற்றம். உங்கள் வகுப்பில் எவரேனும் வளையம் மாட்டியிருந்தால், அது காணாமற் போவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஏற்கெனவே காணாமற் போயிருந்தால், அதைச் சொல்லியே அனுப்புங்கள்.