வேட்டை இலக்கியத்தின் சாட்சியம்

வேட்டை நூல்களை வாசிப்போர் வழக்கமாக எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. "இது உண்மையாகவே நடந்ததா?" என்பதே அது. அடர்ந்த காட்டில் எழுத்தாளனும் விலங்கும் மட்டுமே எதிரெதிர் நின்ற ஒரு கணத்துக்கு வேறு சாட்சி கிடையாது. விலங்கு இறந்துவிட்டது, எஞ்சிய சாட்சி கதை சொல்கிறது. ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் இக்கேள்வி மட்டும் போதாது. இலக்கியத்தைச் சமுதாயத்தோடு பொருத்திப் பார்க்க விரும்பும் நாம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இந்தச் சாட்சிக்குத் துவக்கும் தோட்டாவும் வழிச்செலவும் கொடுத்தவர் யார்? கொடுத்தவருக்கு ஒவ்வாத உண்மை ஒன்றைச் சொல்லும் துணிவும் உரிமையும் சாட்சிக்கு இருந்தனவா?

ஒலுவிலில் வாழும் ஓர் ஆசிரியனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். நெல் முற்றும் காலத்தில் நமது வட்டைகளில் யானை இறங்குகிறது. காவல் பரணில் இரவெல்லாம் விழித்திருப்பவன் ஏழை விவசாயி. அவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைவிளக்கும் சில யானை வெடிகளுமே. மறுபுறம், பாடசாலை மாணவர் விரும்பிப் படிக்கும் நூல்களுள் வேட்டைக் கதைகளுக்குத் தனியிடம் உண்டு. ஜிம் கோர்பெட்டின் நூல் தி. ஜ. ர.வின் தமிழாக்கத்தில் 'குமாயுன் புலிகள்' என்ற பெயரில் தலைமுறைகள் தாண்டி வாசிக்கப்படுகிறது. காட்டைப் பற்றியும் காட்டோரத்து மனிதனைப் பற்றியும் நம் மாணவர் கொள்ளும் எண்ணத்தில் பெரும்பகுதி துவக்கேந்திய துரைமாரின் கண்வழி வந்தது. அந்தக் கண்ணாடிக்கு என்ன நிறம் என்று அறிவது நமது கடனன்றோ?

வேட்டையைப் பாடிப் பரிசில் பெறும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் பாடுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாம். ஓர் அம்புக்கு ஐந்து உயிர்கள்! இன்றைய துவக்கு விளம்பரம் எதுவும் இதனை விஞ்சுமென்று தோன்றவில்லை. ஆனால் அப்பாடலில் ஒரு நேர்மை உண்டு. வேட்டுவன் தமக்கு ஊனும் மதுவும் அளித்ததையும், தன் மலைப் பொன்னை மணிகளோடு கலந்து வழங்கியதையும் புலவர் அதே பாடலிலேயே சொல்லிவிடுகிறார். பாராட்டும் பரிசிலும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. கேட்பவன் இரண்டையும் சேர்த்தே எடை போடலாம், ஏமாற்றம் இல்லை.

அதே தொகை நூலில், 208ஆம் பாடலில், பெருஞ்சித்திரனார் நிற்கிறார். அதியமான் தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை அவர் ஏற்கவில்லை. புலமையை விற்றுப் பொருள் கொள்ளும் வணிகன் தாம் அல்லர் என்பது அவரது மறுமொழி. ஆகப் பழந்தமிழ்ப் புலவர் நமக்கு இரண்டு அளவுகோல்களைத் தந்துள்ளனர். வாங்கியதை வெளிப்படச் சொல்வது ஒன்று. வாங்க மறுக்கும் உரிமையை விடாதிருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நமது நாட்டைப் பற்றி எழுந்த வேட்டை இலக்கியத்தை அணுகுவோம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், கிழக்கு மாகாணக் காடுகள் உட்பட இலங்கையின் பல பகுதிகளிலும் வேட்டையாடியவர். 'இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்' எனப் பொருள்படும் அவரது நூல் 1854இல் இலண்டனில் வெளிவந்தது. விறுவிறுப்பான நடை, காட்சிகளைக் கண்முன் நிறுத்தும் ஆற்றல். இவற்றை மறுப்பதற்கில்லை. அந்நூலில் அவர் ஒரு செய்தியைக் கூறிச் செல்கிறார். முற்காலத்தில் மூன்று தேர்ந்த வேட்டைக்காரர் மூன்றே நாட்களில் 104 யானைகளைச் சுட்டு வீழ்த்தினராம். இதற்கு ஆதாரம்? அம்மூவருள் ஒருவர் பேக்கரிடம் சொன்னது! சுட்டவன் சொன்னதைச் சுடுபவன் எழுதினான். சுட விரும்புவோர் வாசித்தனர். இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒருவனது குரல் எங்கும் கேட்கவில்லை.

இன்னொரு செய்தியையும் பேக்கரே தருகிறார். யானை வாலொன்றுக்கு அரசாங்கம் முன்னர் பத்து ஷில்லிங் சன்மானம் வழங்கியது. பின்னர் அது சில மாவட்டங்களில் ஏழு ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டது. வேறு சிலவற்றில் அடியோடு நிறுத்தப்பட்டது. கொல்லப்பட்ட யானைகளின் தொகை மிகுந்துவிட்டதால் கொடுத்துக் கட்டவில்லை என்பதே காரணம். வீரம் என்று நூல்கள் போற்றிய செயலுக்கு அரசாங்கக் கணக்கேட்டில் விலை குறிக்கப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்குகிறது. பேக்கர் கூலிக்கு எழுதினார் என்பது நமது குற்றச்சாட்டன்று. அவரும் அவரது வாசகரும் சன்மானம் வழங்கிய அரசும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகள். அங்கே கையூட்டுக்குத் தேவையே எழவில்லை.

இதனை உறுதிப்படுத்தும் சாட்சி மற்றோர் ஆங்கிலேயரிடமிருந்தே வருகிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில் கணக்குகளைத் தருகிறார். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகள் கொல்லப்பட்டன. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரியின் கணக்கில் 1,400க்கு மேல். இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கேனும் தந்தம் இருப்பது அரிது என்பதையும், யானையைச் சுடுவதற்குக் குறி பார்க்கும் திறமை மிகச் சிறிதளவே வேண்டும் என்பதையும் டெனன்ட் எழுதினார். வேட்டை வீரத்தின் அடித்தளத்தையே அசைக்கும் கூற்று இது. வேட்டைப் புகழில் வாழாத ஒருவரால் இதனை எளிதில் சொல்ல முடிந்தது.

எனினும் டெனன்டையும் நாம் முழுமையாக நம்பிவிடலாகாது. அவர் பதவி வகித்த ஆட்சியே 1848இல் குடியானவனின் துவக்குக்கு இரண்டரை ஷில்லிங் அனுமதிக் கட்டணம் விதித்தது. அவ்வாண்டின் கிளர்ச்சிக்கு வழிகோலிய வரிகளுள் அதுவும் ஒன்று. துரை சுட்டால் அரசு பணம் கொடுத்தது. பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருந்த விவசாயி அரசுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வேட்டைப் பெருமை பேசும் நூல்கள் இந்த முரண்பாட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

அந்நூல்களில் மறைந்துபோன மனிதன் யார்? யானையை நன்கறிந்தவன் நமது மக்களிடையே வாழ்ந்தான். ஏறாவூர்ப் பணிக்கர்களின் புகழைக் கிழக்கிலங்கையில் அறியாதார் இல்லை. சோனக ஊர்களைச் சேர்ந்த பணிக்கர்கள் தோற்கயிற்றுச் சுருக்கோடு கால்நடையாகக் காட்டினுட் சென்று யானையை உயிரோடு பிடித்த திறனை டெனன்ட் வியந்து எழுதியிருக்கிறார். துரைக்கு அடிச்சுவடு காட்டியவனும், அடுத்த துவக்கை நிரப்பி நீட்டியவனும் இம்மண்ணின் மக்களே. ஆனால் பணிக்கன் வேட்டை நூலில் ஒரு வியப்பாக வருகிறான்; சாட்சியாக வருவதில்லை. தன் அறிவைத் தன் பெயரில் அச்சேற்றும் வாய்ப்பு அவனுக்கு இல்லை. நம்பகம் என்பது எழுத்தாளனின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குடியேற்ற அரசின் சன்மானம் ஒழிந்தது. ஆனால் அந்த இடம் வெற்றிடமாக இருக்கவில்லை. முதலாளித்துவம் முற்றிய நாடுகளில் துவக்குக் கம்பனிகள் அதில் வந்தமர்ந்தன. ஐக்கிய அமெரிக்காவில் துவக்குக்கும் வேட்டைக்குமென்றே வெளிவரும் இதழ்கள் உண்டு. புதிய துவக்கைக் கம்பனி எழுத்தாளருக்கு அனுப்புகிறது. அவர் சோதித்து மதிப்புரை எழுதுகிறார். அதே இதழில் அதே கம்பனியின் முழுப்பக்க விளம்பரம் வெளிவருகிறது. வேட்டைப் பயணத்தின் செலவையும் பலவேளைகளில் வணிகரே ஏற்கின்றனர். இங்கே எழுத்தாளர் பொய் சொல்ல வேண்டியதில்லை. நல்லதைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டாற் போதும்.

எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். பல்லாண்டுகள் வேட்டை எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜிம் சம்போ, 2007 பெப்ரவரியில், படைத்துறைப் பாணியிலான துவக்குகளுக்கு வேட்டையில் இடமில்லை என்று எழுதினார். சில நாட்களுக்குள் ரெமிங்டன் கம்பனி அவரோடு கொண்டிருந்த உறவை முறித்தது. 'அவுட்டோர் லைஃப்' இதழில் அவருக்கிருந்த இடமும் பறிபோயிற்று. 2013இன் இறுதியில் 'கன்ஸ் அன்ட் அமோ' இதழின் பத்தி எழுத்தாளர் டிக் மெட்காஃப், துவக்கு வைத்திருக்கும் உரிமைக்கும் ஒழுங்குவிதி இருக்கலாம் என்று எழுதினார். அவர் நீக்கப்பட்டார், இதழாசிரியர் மன்னிப்புக் கோரி விலகினார். தம்மை வைத்திருந்தால் இனி வியாபாரம் இல்லை என்று இரு பெரிய துவக்குக் கம்பனிகள் பதிப்பகத்திடம் கூறியதாக மெட்காஃப் பின்னர் தெரிவித்தார். இரு நிகழ்ச்சிகளிலும் துவக்குப் பிரியரான வாசகர்களின் கொதிப்பும் சேர்ந்தே வேலை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருவரும் துவக்குக்கு எதிரிகள் அல்லர். அதைக் கொண்டாடியே வாழ்ந்தவர்கள். பொய் சொன்னதற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. அளவான ஒரு கருத்தை வெளியிட்டதற்காகவே தண்டிக்கப்பட்டனர். அவ்வாறாயின், தண்டிக்கப்படாமல் எஞ்சியிருப்போரின் மௌனத்துக்கு என்ன பொருள்?

பரிசு பெற்றவரெல்லாம் பொய்யரா என்று கேட்கலாம். அல்லர். 436 மனிதரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் புலியை 1907இல் சுட்டதற்காக கோர்பெட்டுக்கு ஐக்கிய மாகாண ஆளுநர் ஒரு ரிக்பி துவக்கைப் பரிசளித்தார். எனினும் 1944இல் வெளிவந்த தமது நூலில், புலி மனித ஊனுக்குத் திரும்புவதற்குக் காயமே பெரும்பாலும் காரணம் என்றும், கவனமின்றிச் சுட்டுப் பின்தொடராது விட்டவர்களால் அக்காயம் நேரலாம் என்றும் அவர் எழுதினார். துவக்கு பிடித்த கையே துவக்குப் பிடித்தோரின் குற்றத்தைப் பதிவு செய்தது. அந்த அளவில் அவர் நம்பத்தக்க சாட்சி. ஆனால் தமக்குப் பரிசளித்த ஆட்சியின் நீதியை அவர் ஐயுறவில்லை. அந்த அளவில் அவரது பார்வை குறுகியது. ஒரே எழுத்தாளரில் இரண்டையும் பிரித்தறிவதே விமரிசனத்தின் பணி. கோர்பெட் 1955இல் மறைந்தார். ரிக்பி கம்பனி 2016இல் அதே துவக்கை இந்தியாவுக்குக் கொண்டுசென்று ஊர்வலம் வந்தது. மறுக்க இயலாத இறந்த எழுத்தாளரே வணிகத்துக்கு மிக வாய்ப்பானவர் போலும்!

இனி நமது மண்ணுக்கு வருவோம். 2023இல் மட்டும் இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் மடிந்தனர். நமது மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகள் கூறின. இந்த மரணங்களில் வீரத்துக்கு இடமேது? இவற்றை எழுதுமாறு எந்தத் துவக்குக் கம்பனியும் எவருக்கும் பணம் தராது. பரணில் காத்திருக்கும் முல்லைக்காரனுக்கும் பசியால் இறங்கி வரும் யானைக்கும் புரவலர் இல்லை. ஆகவே அவர்களுடைய கதை எழுதப்படாமலே கிடக்கிறது.

மாணவர்கள் வேட்டை நூல்களை வாசிக்கட்டும், தடுப்பது பேதைமை. வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்பிப்போம். இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? கொடுத்தவருக்குப் பிடிக்காத ஒரு வரியேனும் இதில் உண்டா? கூட நடந்தும் பேசாத மனிதன் யார்? இம்மூன்றுக்கும் விடை காணும் மாணவன் நாளை மருந்து விளம்பரத்தையும் தேர்தல் அறிக்கையையும் ஏமாறாமல் வாசிப்பான். அத்தோடு, நம் வட்டைகளில் இரவுக் காவல் செய்வோரின் அனுபவங்களைக் கேட்டு எழுதும் பணியையும் அவனிடம் ஒப்படைப்போம். பரிசிலை எதிர்பாராத அந்தச் சாட்சியம் எழுதப்படும் நாளில்தான் நமது காட்டைப் பற்றிய உண்மை இலக்கியம் தொடங்கும்.