வெளிறு காக்கும் வேலி

கைமணிக்கட்டுப் பருமனில் ஒரு முள்மரத் தண்டு. அரிவாள் மேலிருந்து சாய்வாக அதன் அடியை நோக்கி இறங்குகிறது. ஒரே தடத்தில் நாலைந்து கொத்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழம். வைரம் முழுக்கப் போய்விட்டது. இன்னொரு கொத்து விழுந்தால் மரம் துண்டாகிவிடும் என்று பார்க்கிற நமக்குப் பதறுகிறது. சரியாக அங்கே கை நிற்கிறது. மிஞ்சியது பட்டையும், அதை ஒட்டிய கொஞ்சம் வெளிறும். இடது கை தண்டை மெல்லச் சாய்க்க, அது முறியாமல் நாக்கு மடிவதுபோல் மடிந்து படுத்துக்கொள்கிறது. வசந்தம் வந்தால் அந்தப் படுத்த தண்டு முழுக்க இலை.

இங்கிலாந்துக் குடியானவர்கள் இதை ஹெட்ஜ்லேயிங் என்கிறார்கள். படுக்கவைத்த தண்டுக்குப் பிளீச்சர் என்று பெயர். இந்த வித்தையில் எனக்குப் பிடித்ததே அந்த விட்டுவைத்த சிறு நாக்குதான். மரத்தின் உயிர் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. நீர் வெளிறு வழியாக ஏறுகிறது, இலை சமைத்த உணவு பட்டை வழியாக இறங்குகிறது. வைரம் வெறும் தூண். தாவரவியல் புத்தகம் எதையும் புரட்டாமலே இதை அரிவாளுக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள்.

ஹாதார்ன், பிளாக்தார்ன் முள்மர வேலிகளை அப்படியே விட்டால் தலை மட்டும் தழைத்து, அடி ஓட்டையாகிவிடும். ஆடு தாராளமாக நுழையும். அதனால்தான் இந்தச் சாய்ப்பு. இலை உதிர்ந்து, கூட்டில் குஞ்சு இல்லாத அக்டோபர் முதல் மார்ச் வரைதான் வேலை. மேட்டு நிலமாக இருந்தால் தண்டு மேட்டைப் பார்த்தே படுக்கும்.

அடிக்கட்டையையும் சும்மா விடுவதில்லை. துருத்திக்கொண்டிருக்கும் சிம்பைச் சீவி, மழைநீர் தேங்காமல் வழியும்படி சரிவாக்குகிறார்கள். புதுத் துளிர் தரையை ஒட்டிக் கிளம்ப வேண்டுமே! நாளைய வேலி அந்தத் துளிர்தான். படுத்திருக்கும் பிளீச்சர் அது ஆளாகும்வரை காவல்.

பிறகு ஹேசல் மரக் கொம்புகளை வரிசையாக ஊன்றுகிறார்கள். இடைவெளி 18 அங்குலம். அளவுகோல் வேண்டாம், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை கையை வைத்துப் பார்த்தால் போதும். அச்சு அசல் நம் முழம்! உச்சியில் நீண்ட ஹேசல் மிலாறுகளை முறுக்கி முறுக்கிப் பின்னிக்கொண்டே போவார்கள். கூடைக்கு விளிம்பு கட்டியதுபோல் வேலி இறுகிவிடும். இந்த வேலையை அளக்கும் பழைய கணக்கு ‘செயின்’. ஒரு செயின் என்றால் 22 கஜம். கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் அதேதான்.

வேலி சாய்க்கும் பாணி ஊருக்கு ஊர் வேறு. லெஸ்டர்ஷயர் பக்கத்து மிட்லண்ட் புல்லக் பாணி கனத்த மாடுகளுக்காக வந்தது. மாடு மேயும் பக்கம் முள்கிளைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மாடு நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினால் முள் உறுத்தும், பின்னால் ஊன்றுகொம்பு தாங்கும். மறுபக்கம் போய்ப் பாருங்கள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை! டெவனில் கதை வேறு. அங்கே மண்கரையின் மேல் தண்டுகளைக் கிட்டத்தட்ட மட்டமாகப் படுக்கவைத்து, கவைக்கொம்பால் பிடித்துவைக்கிறார்கள்.

அரிவாளும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். பொதுப்பெயர் பில்ஹூக். யார்க்ஷயர்க்காரருடையது நீண்ட பிடி, வளைந்த அலகு, போதாததற்கு முதுகிலும் நேரான கூர். வேறு சில ஊர்களில் குட்டைப் பிடி, அடியில் சற்றே புடைத்திருக்கும். ஈரக்கை வழுக்கினாலும் அந்தப் புடைப்பில் நின்றுவிடும். வெட்னஸ்பரியின் எல்வெல், மெல்ஸ் ஊரின் ஃபசெல் என்று பட்டறை முத்திரை குத்திய பழைய அலகுகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. பருத்த தண்டுக்கு மோட்டார் ரம்பம் வந்துவிட்டது, அதில் தப்பில்லை. ஆனால் அரிவாள் நார் போகிற போக்கில் போகும், ரம்பத்துக்கு நார் தெரியாது.

வித்தை பழசு. கி.மு. 57-இல் கால் (Gaul) நாட்டு நெர்வி மக்கள் இளமரங்களை வெட்டி வளைத்து, பார்வைகூட ஊடுருவாத முள்சுவர் எழுப்பியிருந்ததை ஜூலியஸ் சீசர் எழுதிவைத்திருக்கிறார். பிரிட்டனில் இந்த வேலைக்கென்று 1978-இல் ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், குளிர்காலமாக இருந்தால் ஒருநாள் கிராமப்பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். புதிதாகச் சாய்த்த வேலி கண்ணில் பட்டால் உச்சியின் பின்னலோடு திரும்பிவிடாதீர்கள். குனிந்து, அடியில் வெட்டு முடிகிற இடத்தைப் பாருங்கள்.