இலவச இலக்கியமும் ஏழை மாணாக்கரும்

கல்வி ஒரு சிலருடைய காணியாட்சி அன்று, அஃது எல்லார்க்கும் உரிய பொதுச் சொத்து என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது எளிது. அச்சொத்தை ஏழையின் கையிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிதன்று. அத்தகைய முயற்சியொன்று தமிழிலே நடந்து வருகிறது. அதன் பெருமை யாது, குறை யாது, அக்குறையை நீக்கும் கடமை யாருடையது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பழைய நூல்கள் முன்பு இருந்த நிலையை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்திலே சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையரை நோக்கி, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கிற் பாடங்கேட்டவர்க்கே அந்நூல் கண்ணிற் படாததாக இருந்ததென்றால், ஏர் உழுதவனுக்கும் கூலிக்குக் கப்பலேறியவனுக்கும் அது எட்டியிருக்குமா? ஏடுகள் மடத்துப் பெட்டிகளிலும் புலவர் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. செல்லுக்கும் கறையானுக்கும் இருந்த உரிமைகூடப் பொதுமக்களுக்கு இருக்கவில்லை!

அச்சுப்பொறி அந்தப் பூட்டை உடைத்தது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை வெளியிட்டார். அதே ஆண்டிற் சாமிநாதையர் சிந்தாமணியையும், 1892-இற் சிலப்பதிகாரத்தையும், 1894-இற் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். ஆயினும் அச்சிட்ட நூலுக்கு விலை உண்டு. கடல் கடந்தால் கப்பற் கூலியும் உண்டு. தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளைக்கு அந்நூல்கள் பெயரளவிலேயே நின்றன.

இரண்டாவது பூட்டை உடைத்தது மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த இரசாயன அறிஞர் கு. கல்யாணசுந்தரம் இதைத் தொடங்கினார். பல நாடுகளிலுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதி, பிழை பார்த்து, இணையத்தில் ஏற்றினர். திருக்குறளே முதல் எண் பெற்ற நூல். அதன்பின் சங்கத்தொகைகள், காப்பியங்கள், சமய நூல்கள், அண்மைக் காலக் கதைகள் என நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கே திரண்டன. எடுப்பவன் எந்தச் சாதி, எந்த மதம், எத்தனை வெள்ளி சம்பளம் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் படியெடுத்து யாருக்கும் வழங்கலாம் என்று அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள். சுயநலமற்ற இத்தொண்டைப் பாராட்டாதவன் தமிழனாகான்.

ஆனால் பாராட்டோடு நின்றுவிடுவது விமரிசனமாகாது. போர்ட்டிக்சனை அடுத்த சுவா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் வாழும் மாணாக்கன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் கையிற் கைப்பேசி இருக்கிறது. மணிமேகலை முழுவதும் அதில் ஒரு நொடியில் இறங்கிவிடும். இறங்கிய பின் அவன் காண்பது என்ன? புணர்ச்சி பிரியாத அடிகள், அகராதியிலும் எளிதில் அகப்படாத சொற்கள், தன் பக்கத்தில் எவரும் சொல்லாத தத்துவ வாதங்கள். உரையில்லை, எங்கே தொடங்குவது என்று காட்டும் முகவுரையுமில்லை. நூல்களோ வெளிவந்த வரிசையில் எண்ணிடப்பட்டிருப்பதால், காப்பியத்தின் பக்கத்திலே தலபுராணமும், அதன் பக்கத்திலே நாவலும் நிற்கின்றன. அறிந்தவனுக்கு அது பொக்கிஷம். அறியாதவனுக்கு அது காடு.

உரை ஏன் இல்லை என்பதற்கும் காரணமுண்டு. பழைய நூலுக்குப் பதிப்புரிமை இல்லை. இக்காலத்தார் எளிய நடையில் எழுதிய உரைக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழியவேண்டும். ஆகவே விலையின்றிக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய உரைகளே. அவ்வுரைகளுக்கே வேறோர் உரை வேண்டும்! தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் மூலத்தோடு உரைகளையும் தருவது மெய்தான். எனினும் அதுவும் முன்னரே ஓரளவு பயின்றவர்க்கே பெரிதும் பயன்படுவது.

ஆங்கில வழியிற் பயின்ற நமக்கு ஓர் ஒப்புமை தோன்றுகிறது. 1971-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற கூட்டன்பர்க்குத் திட்டத்திலே பிளேட்டோவின் நூல்கள் ஜோவெட்டின் மொழிபெயர்ப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜோவெட் ஒவ்வோர் உரையாடலுக்கும் முன்னே நீண்ட அறிமுகமும் பொருட்சுருக்கமும் எழுதி வைத்தார். அதனால், ஆசிரியர் துணையில்லாத எளியவனும் சாக்கிரட்டீசோடு உட்கார்ந்து வாதாட முடிகிறது. வஞ்சி நகரத்திலே ஆண் துறவி வேடம் பூண்டு சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், பூதவாதி என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்ட கணிகை குலத்துப் பெண்ணொருத்தி நம் மொழியிலே இருக்கிறாள். அவளோடு நம் பிள்ளை பேச முடியவில்லை. கிரேக்கனை அறிந்து மணிமேகலையை அறியாத கூட்டமாக நாம் ஆனதற்குக் காரணம் நூல் கிடைக்காமை மட்டுமன்று, வழிகாட்டி இல்லாமையே.

இவ்விடத்திற் சீர்திருத்தத் தோழர் சிலர், மூடநம்பிக்கை மலிந்த பழங்குப்பையை மாணாக்கருக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்பர். கண்டிக்க வேண்டியதையும் படித்தே கண்டிக்க வேண்டும் என்பது நமது துணிபு. படியாதவன் கண்டனம் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதன்றி வேறென்ன? மேலும், காட்சியே பிரமாணம் என்ற பூதவாதியின் கொள்கை தமிழிலே சுருக்கமாகவேனும் அந்த மணிமேகலையிலே பதிவாகியிருக்கிறது. குண்டலகேசி என்னும் பௌத்த நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையாலே அதன் பாடல்கள் சில தப்பின. எதிரியின் கருத்தையும் எழுதி வைத்த அந்த நேர்மையை நம் இளைஞர் அறியவேண்டாமா?

நாம் சொல்ல வந்ததை மணிமேகலைக் கதையே விளக்கும். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி முதலில் ஆபுத்திரன் கையில் இருந்தது. வேள்விப் பசுவை மீட்டதற்காக ஊராரால் விலக்கப்பட்டவன் அவன். ஆளில்லாத மணிபல்லவத் தீவிலே அவன் தனியே விடப்பட்டபோது, உண்பதற்கு ஒருவரும் இல்லாமையால் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உயிர் நீத்தான். உண்பார் இல்லையேல் அமுதசுரபியும் வெறும் ஓடே! பின்பு அது மணிமேகலையை அடைந்தது. அப்போதும் உடனே சுரக்கவில்லை. ஆதிரை என்னும் நல்லாள் முதற்பிச்சை இட்ட பின்னரே சுரந்தது.

மதுரைத் திட்டத்தார் பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். முதற்பிச்சை இடுவது யார்? உரையும் எழுதித் தாருங்கள் என்று அவர்களையே நெருக்குவது நன்றியறியாமை. அக்கடமை நம்முடையது. தோட்டத்திலும் பட்டணத்திலும் நாலு எழுத்துப் படித்து, ஆசிரியராகவும் கிராணியாகவும் இருக்கின்றவர்களுடையது.

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. வாரத்திற்குப் பத்து அடி போதும். சொற்களைப் பிரித்து, அரும்பதங்களுக்குப் பொருள் எழுதி, அடியிலே நாலு வரிப் பொழிப்பு வைத்து, ஒரு தாளிற் படியெடுத்து வழங்கலாம். சொற்களைப் பிரித்தச்சிட்ட நூல்களை மலிவு விலைக்குக் கொடுத்து, மர்ரே எஸ். ராஜம் 1950-களிலேயே வழி காட்டியிருக்கிறார். சாமிநாதையரின் பதிப்புக் குறிப்புகள் துணைக்கு இருக்கின்றன. அவர் 1942-இல் மறைந்தமையால் அவற்றுக்கு இன்று தடையுமில்லை. தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டி, உரக்கப் படித்து, பொருள் சொல்லி, மறுத்துக் கேட்கவும் விடவேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுப்போருக்கு இது உதவும். எடுக்காதோருக்கு அதனினும் மிகுதியாக உதவும்.

இந்நாட்டுத் தமிழர் இதற்குப் புதியவர் அல்லர். 1950-களிலே மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டிய கைகளிற் கூலிக்காரர் கைகளும் இருந்தன. அவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். இன்றோ நூல் விலையின்றி வந்து வாசலில் நிற்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. அதையும் கொடுக்க மனமில்லையென்றால், பழம்பெருமை பேசும் நம் மேடைகளை இழுத்து மூடிவிடுவதே நாணயமாகும்.