கரிக்குப் போகவிருந்த தூர்

சீமைக் கருவேலத்தைப் புகழ்ந்து நரிக்குடியில் ஒருவன் வாய் திறந்தால் அடிக்க வருவார்கள். வரட்டும். அதன் தூருக்குள் இருப்பதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் கரிமூட்டம் தெரியாதவர் கிடையாது. கட்டையை அடுக்கி, இலைதழை போட்டு மூடி, மண் பூசி, தீ வைத்துவிட்டு நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். மரத்தை வெட்டினால் மூன்று நான்கு வருடத்தில் மறுபடி தழைத்து நிற்கும், மறுபடி வெட்டுவார்கள். காட்டைத் திருத்தும்போதுதான் தூரையே பிடுங்குவது. திருச்சுழி போகிற வழியில் அப்படிப் பிடுங்கிப் போட்டிருந்தது ஒன்று. ஆட்டுக்குட்டி சுருண்டு படுத்த மாதிரி, உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும். அறுபட்ட இடத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஐயோ! சுழி சுழியாக, மயிற்பீலிக் கண் கண்ணாக, உள்ளே ஒரு கண்மாயே அலையடித்துக்கொண்டிருந்தது.

“இத வச்சு என்னப்பா பண்ணப் போற?” என்றார் மூட்டக்காரப் பெரியவர்.

“பாக்கத்தான் பெரியப்பா.”

“பாக்கவா?” என்று தூரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தச் சுழி எப்படி வந்தது தெரியுமா? ஒவ்வொரு வெட்டுக்கும் தூரிலிருந்து மரம் புதுசாக மொட்டு விடுகிறது. துளிர்க்காமல் போன மொட்டுகள் அங்கேயே புதைந்து கிடக்க, அவற்றைச் சுற்றி வளைந்து நெளிந்து நார் ஓடுகிறது. ஆக, கரிக்காக இத்தனை வருடம் வெட்டினவர்கள்தான் அந்தக் கோலத்தைப் போட்டவர்கள். போட்டுவிட்டு அவர்களே எரிக்கவும் செய்கிறார்கள்!

முதல் தூரை நான் நாசமாக்கினேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயப்போட்டேன். மூன்றாம் நாள் மதியம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நடுவில் விரல் நுழைகிற வெடிப்பு. மரத்துக்குள் ஈரம் இரண்டு விதமாக இருக்கிறது. நார்க்குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் போனால் எடைதான் குறையும். ஏறக்குறைய முப்பது சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்கியபிறகுதான் நாரின் சுவரே வற்றி, மரம் சுருங்க ஆரம்பிக்கும். மேல்தோல் முந்திக்கொண்டு சுருங்கி, உள்ளே இன்னும் பச்சையாக இருந்தால், வெடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது தூருக்கு ராஜ மரியாதை. அறுத்த முகங்களில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன், ஈரம் அந்த வழியாகத்தான் சீக்கிரம் ஓடும் என்பதால். கோணிச் சாக்கில் சுற்றி, மாட்டுக்கொட்டகையில் காற்று நேராக அடிக்காத மூலையில் வைத்தேன். மாதம் ஒருமுறை தராசு. வந்தபோது 12 கிலோ 400. பதினாலாவது மாதம் 9 கிலோ 200. அடுத்த இரண்டு மாதமும் முள் அசையவில்லை, காய்ந்து முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு நான் ஆடியதை என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். நடுவில் ஒரு காலை, தூருக்கடியில் மஞ்சள் மாவு கொட்டிக் கிடந்தது. வண்டு! நல்லவேளை, அது தின்றது வெளிப்புற வெள்ளையை மட்டும். உள்ளிருக்கும் வைரத்தில் வாய் வைக்கவில்லை. ஆசாரிமார் கட்டையைக் கண்மாயில் ஊறப்போட்டதன் அருமை அப்போதுதான் உறைத்தது. வண்டுக்குத் தீனியாகிற சத்தைத் தண்ணீரே கரைத்துக் கொண்டுபோய்விடுமே.

ஊரே வெறுக்கும் இந்த மரத்தைக் காமராஜர்தான் கொண்டுவந்தார் என்று டீக்கடையில் சாதிக்கிறவர்கள் உண்டு. ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பைப் பக்கம் ஊன்றியது 1877-ல். காமராஜர் பிறந்ததே 1903-ல். பாவம், அவர் தலையில் இதையும் கட்டியாயிற்று.

சரி, இனி இரண்டாவது தூரைக் கிண்ணமாகச் செதுக்கும் வேலை. முதலில் கம்பி பிரஷ் வைத்துக் கழுவ வேண்டும். தூரின் இடுக்கெல்லாம் கல்லும் மண்ணும், ஒரு கல் போதும் உளியின் வாய் போய்விடும். கொட்டாப்புளியால் தட்டத் தட்ட இரும்பைத் தட்டுகிற மாதிரி கைக்கு அதிர்வு வரும். நார் நாலு திசையிலும் ஓடுவதால் ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அவசரப்பட்டால் கெட்டது. ஓரளவுக்கு மேல் அரமும் உப்புத்தாளும்தான். தூசி மூக்கில் ஏறினால் ராத்திரி முழுக்கத் தும்மல், துணி கட்டிக்கொள்ளுங்கள்.

வெடித்த முதல் தூரையும் தூக்கிப்போடவில்லை. ஜார்ஜ் நகாஷிமா என்ற அமெரிக்கத் தச்சுக் கலைஞர் 1930-களின் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் வேலையில் இருந்தவர். அங்கே அவருக்குக் கிடைத்த பெயர் சுந்தரானந்தர். பின்னாளில் அவர் செய்த மேசைகளில் வெடிப்பை மறைக்கவே மாட்டார்; குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் கட்டை பதித்து, வெடிப்பையே நகையாக்கிவிடுவார். நானும் பூவரசில் இரண்டு பட்டாம்பூச்சி வெட்டிப் பதித்தேன். ஒன்று கோணல். ஆனாலும் பறக்கிறது!

கடைசியாக எண்ணெய். தேங்காயெண்ணெய் நல்லெண்ணெய் எல்லாம் காயாது, பிசுபிசுக்கும், ஆளிவிதை எண்ணெய்தான். துணியில் தொட்டு ஒரே ஒரு இழுப்பு. அதுவரை தூசு படிந்து செத்துக் கிடந்த கிண்ணம், கருப்பட்டிப் பாகு மாதிரிக் கண்முன்னே சிவந்து வந்தது. சுழிகள் ஒவ்வொன்றாக மேலெழும்பின. வெயில் பட்ட இடம் பொன், நிழல் விழுந்த இடம் காய்ச்சின தேன். அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மூட்டக்காரப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையால் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசவில்லை. பிறகு மூட்டத்துக்குப் பின்னால் கைகாட்டினார். அடுக்காமல் தனியே ஒதுக்கி மூன்று தூர் கிடந்தன. “வண்டி கொண்டாந்தியா?” என்றார்.