நோய்க்குக் குற்றவாளி யார்?

கண்ணகி எரித்த மதுரையைப் பேசாத மேடை நம்மிடம் இல்லை. எரிந்தபின் நடந்ததைப் பேசிய மேடைகள் எத்தனை?

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை அதனைச் சொல்லுகிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமை வந்தது. வெப்பு நோயும், குரு என்னும் கொப்புள நோயும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று பத்தினிக்குச் சாந்தி செய்தான். மழை பெய்தது, நோய் நீங்கிற்று என்கிறது நூல். நீர்ப்படைக் காதையும் அந்தப் பலியைக் கூறத் தவறவில்லை. வஞ்சகம் செய்த கொல்லன் ஒருவன். மாண்டவர் ஆயிரவர்! அவன் தொழிலே தம் தொழிலும் என்பதன்றி அவர்கள் செய்த குற்றம் யாது?

பெரியபுராணம் என்றால் மட்டும் நம் நாவில் கனல் பறக்கிறது. கம்பராமாயணத்தையும் அதனையும் எதிர்த்து, 1943இல் சேதுப்பிள்ளையுடனும் சோமசுந்தர பாரதியாருடனும் அண்ணா வாதிட்டது நமக்குப் பெருமை. அந்நூலிலும் மதுரை மன்னனுக்கு வெப்பு நோய். சமணர் மந்திரம் கூறி மயிற்பீலியால் தடவக் காய்ச்சல் ஏறுகிறது. சம்பந்தர் நீறு பூச இறங்குகிறது. மருத்துவன் ஒருவனுக்கும் அங்கே வெற்றியில்லை. மந்திரத்தோடு மந்திரம் மோதுகிறது, அவ்வளவே. பின்னர் அனல்வாதம், புனல்வாதம், முடிவில் கழுமரம். காய்ச்சல் ஒருவனுக்கு, கழு எண்ணாயிரவருக்கு! இது நடந்ததா என்பது ஐயமே. கீழக்குயில்குடிச் சமணர் மலையில், சம்பந்தருக்குப் பிற்பட்ட 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துகளும் இன்றும் நிற்கின்றன. ஆயினும், நடந்ததாகப் பாடி மகிழ்ந்த உள்ளம் மெய்யானது.

அவ்வுள்ளம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் குழந்தை நோயுற்றால், மாடு மடிந்தால், அண்டை வீட்டு ஏழைக் கிழவியைச் சூனியக்காரி என்று வழக்குமன்றத்தில் நிறுத்தினர், தூக்கிலும் இட்டனர். 1604ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தை 1736இல்தான் நீக்கினர். நோயின் காரணம் அறியாதவன் நோய்க்குக் குற்றவாளியைத் தேடினான். அகப்பட்டவர் எளியவர், அல்லது மாற்றுச் சமயத்தார்.

1796இல் ஜென்னர் அம்மைப்பால் குத்திக் காட்டினார். கொப்புள நோய்களிற் கொடியதாகிய பெரியம்மை நீங்கிய நாடு இந்தியா என 1977இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு எந்தத் தொழிலாளியின் குருதியும் தேவைப்படவில்லை.

சிலம்பின் தமிழை நான் குறைத்துரைக்கவில்லை; வகுப்பில் மாணவர்க்கு விரும்பிக் கற்பிக்கும் நூல் அது. ஆனால் சேக்கிழாருக்கு ஒரு தராசு, இளங்கோவுக்கு வேறொரு தராசு என்பது பகுத்தறிவாளர் கையில் இருக்கத்தகாது. ஆயிரவர் கொலையை அந்நூல் ஓரிடத்தும் கண்டிக்கவில்லை.